குக்கீ ஒப்புதலும் வருகைக் கணக்கும்: வாசகர் கேள்விகள்

இணையதளம் நடத்தும் வாசகர்கள் பலர் குக்கீ (தளம் வருகையாளரின் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு), அதற்கு அனுமதி கேட்கும் ஒப்புதல் பட்டை, வருகைப் புள்ளிவிவரம் ஆகியவை பற்றித் தொடர்ந்து எழுதிக் கேட்டிருந்தனர். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பரம்பரையாகக் குத்துவிளக்கு வார்ப்புத் தொழில் செய்து வருகிறோம். எங்கள் இணையதளம் வழியாக ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் வாழும் தமிழர்களும் விளக்கு வாங்குவதால் விலையை யூரோவிலும் போட்டிருக்கிறோம். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் வருகையைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸைச் சேர்த்துவிட்டு, ‘இத்தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது’ என்று ஒரு பட்டையையும் அதில் ‘சரி’ என்று ஒரு பொத்தானையும் வைத்திருக்கிறார். இது போதுமா?
– வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: போதாது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ‘சரி’ என்பதற்கு மதிப்பில்லை.

முதலில் எந்தக் குக்கீக்கு ஒப்புதல் கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டியதில்லை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை அனுப்பிவைக்கும் சர்வருக்கு, சற்று முன் வேறொரு பக்கத்தைக் கேட்டவரும் இவரும் ஒருவர்தாமா என்று தெரிந்துகொள்ள இயல்பாக வழி கிடையாது. இந்தக் குறையைப் போக்கவே நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டூலி 1994-இல் குக்கீயை உருவாக்கினார். இணையக் கடையில் வாங்குபவர் கூடையில் போட்ட பொருளை நினைவில் வைக்க வேண்டும் என்பதே அதற்குப் பின்னால் இருந்த தேவை. ஆனால் அது முதன்முதலில் வெளியுலகில் பயன்பட்டது, நெட்ஸ்கேப் தளத்துக்கு வந்தவர் முன்பே வந்தவரா என்று பார்ப்பதற்காகத்தான். கூடைக்கும் கணக்கெடுப்புக்கும் ஒரே கருவி என்ற நிலை பிறவியிலேயே வந்தது. இன்றைய சட்டங்கள் அந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கின்றன.

உங்கள் கடையில் கூடையையும், பணம் செலுத்தும் வரையிலான தொடர்ச்சியையும் காக்கும் குக்கீகள் வாங்குபவரே கேட்ட சேவைக்கு இன்றியமையாதவை. அவற்றுக்கு ஐரோப்பிய விதிப்படி ஒப்புதல் தேவையில்லை. அவை என்னவென்று தளத்தில் சொல்லிவைத்தால் போதும். அனலிடிக்ஸ் வைக்கும் குக்கீ அப்படிப்பட்டதன்று. அதன் மதிப்பைத் திறந்து பார்த்தால் ‘ஜிஏ1’ என்ற தொடக்கத்தைத் தொடர்ந்து இரண்டு நீண்ட எண்கள் தெரியும்: முன்னது தற்செயலாக உருவாக்கப்பட்ட ஓர் எண், பின்னது அந்தப் பிரவுசர் உங்கள் தளத்துக்கு முதன்முதலில் வந்த நேரம், நொடிக் கணக்கில். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அதே பிரவுசர் மூன்று மாதம் கழித்து வந்தாலும் அடையாளம் காட்டிக்கொடுக்க அந்த இரண்டு எண்களே போதும். மாற்றி அமைக்காவிட்டால் இந்தக் குக்கீயின் ஆயுள் இரண்டு ஆண்டுகள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்து 2009-இல் திருத்திய மின்தொடர்பு அந்தரங்க நெறிமுறை, பயனரின் சாதனத்தில் எதையேனும் சேமிக்கவோ அங்கிருந்து படிக்கவோ முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. எப்படிப்பட்ட ஒப்புதல் செல்லும் என்பதை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்னும் ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் ஒப்புதலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் ‘பிளானட்49’ வழக்கில் தீர்ப்பளித்தது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்குகளும் வைத்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

இந்தியாவில் இருந்துகொண்டு நடத்தும் தளத்துக்கு இது பொருந்துமா என்ற கேள்வி எழும். ஐரோப்பாவிலிருந்து ஒருவர் உங்கள் தளத்தைத் திறக்க முடிகிறது என்பதாலேயே பொருந்திவிடாது. ஆனால் யூரோவில் விலை போட்டு, அங்கே அனுப்பியும் வைப்பது, அங்குள்ளவர்களுக்கு விற்க முற்படுகிறீர்கள் என்பதற்கான அடையாளமாகவே கொள்ளப்படும். பாரிஸிலிருந்து யாரும் நாச்சியார்கோவிலுக்கு நோட்டீஸோடு வந்து இறங்கப் போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் நாளை அந்த நாடுகளில் கூகுள் விளம்பரம் கொடுக்கத் தொடங்கினால், ஐரோப்பியப் பயனரிடம் முறையாக ஒப்புதல் பெற வேண்டும் என்பது சட்டத்தைத் தாண்டி அந்நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவும் வந்து நிற்கும்.

எனவே தளம் அமைத்தவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியவை: ஒப்புதல் கிடைக்கும் வரை அனலிடிக்ஸ் ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் சிறு நிரல்) பக்கத்தில் இயங்கவே கூடாது, ஏற்கும் பொத்தானும் மறுக்கும் பொத்தானும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே எடுப்பான நிறத்தில் இருக்க வேண்டும், முடிவை மாற்றிக்கொள்ள விரும்புபவருக்கு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நிரந்தரமாக ஓர் இணைப்பு வேண்டும். வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘தங்கள் அனுபவத்தை மேம்படுத்த’ என்று தொடங்கும் வாசகம் எந்தத் தளத்துக்கும் பொருந்தும் என்பதாலேயே எதையும் சொல்வதில்லை. உங்களுக்கு இப்படி அமையலாம்: “உங்கள் கூடையை நினைவில் வைக்கும் குக்கீகள் மட்டுமே இப்போது செயல்படுகின்றன. எந்த விளக்கை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிவதற்காகக் கூகுள் அனலிடிக்ஸ் குக்கீயை உங்கள் சாதனத்தில் வைக்கலாமா? அது இரண்டு ஆண்டுகள் வரை இருக்கும். தகவல் கூகுள் நிறுவனத்துக்குச் செல்லும். மறுத்தாலும் தடையின்றி வாங்கலாம்.” கீழே ‘வைக்கலாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் அவர்களுக்குப் புரியும் மொழியிலும் இதை வைப்பது நல்லது.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கு வேர்ட்பிரஸ்ஸில் தளம் அமைத்துத் தருகிறேன். ஒப்புதல் பட்டைக்கான பிளக்இன் (துணை மென்பொருள்) ஒன்றை நிறுவிவிடுகிறேன். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை எப்படி உறுதிசெய்வது?
– வாசகர், மதுரை

பதில்: இதைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், பட்டை திரையில் தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்று பில் போட்டுவிடுபவர்களே அதிகம்.

குரோமில், பழைய குக்கீகள் இல்லாத இன்காக்னிட்டோ சாளரம் ஒன்றைத் திறந்து, தள முகவரியைத் தட்டுவதற்கு முன்பே எஃப்12 விசையை அழுத்தி டெவலப்பர் கருவிகளைத் திறந்துவையுங்கள். ‘நெட்வொர்க்’ பகுதியின் வடிகட்டியில் ‘கலெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை இட்டுவிட்டு, பிறகு தளத்தைத் திறவுங்கள். பட்டை தெரியும், அதைத் தொடாதீர்கள். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள், இன்னொரு பக்கத்துக்குச் சென்று பாருங்கள். இந்த நிலையில் கூகுள் அனலிடிக்ஸ் முகவரிக்கு ஒரு கோரிக்கைகூடப் போகக் கூடாது. ‘அப்ளிகேஷன்’ பகுதியில் குக்கீகளைத் திறந்தால் அடிக்கோட்டில் தொடங்கும் ‘ஜிஏ’ குக்கீ இருக்கக் கூடாது. அடுத்து ‘வேண்டாம்’ என்பதை அழுத்தி, பக்கத்தைப் புதுப்பித்து மீண்டும் பாருங்கள். வருகையாளரின் முடிவைக் குறித்துவைக்கும் பிளக்இன் குக்கீ மட்டும் புதிதாக வந்திருக்கும், அது சரிதான். பிறகு அடியிலுள்ள இணைப்பின் வழியே ஒப்புதல் தாருங்கள். இப்போது கோரிக்கையும் குக்கீயும் வர வேண்டும். கடைசியாக ஒப்புதலைத் திரும்பப் பெற்றுப் பாருங்கள். பல தளங்கள் சறுக்குவது இங்கேதான்: மேற்கொண்டு தகவல் போவது நின்றுவிடும், ஏற்கெனவே வைத்த குக்கீயோ அழிக்கப்படாமல் அப்படியே இருக்கும்.

தொடாத பட்டைக்குப் பின்னாலும் தகவல் போகிறது என்றால் காரணங்களை இந்த வரிசையில் தேடலாம். அனலிடிக்ஸ் நிரல் துணுக்கை யாரோ முன்பு, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் தலைப்புக் கோப்பில் நேரடியாக ஒட்டியிருப்பார்கள். பிளக்இன் வழியாக இன்னொரு பிரதியும் சேர்ந்திருக்கும். பிளக்இன் தன் கண்ணில் பட்டதைத் தடுக்கும், ஒட்டப்பட்டது சுதந்திரமாக ஓடும். அடுத்தது வேகத்துக்காக வைக்கும் கேச் பிளக்இன்: அது எல்லா ஸ்கிரிப்ட்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்துச் சுருக்கும்போது, ஒப்புதல் பிளக்இன் தடுத்துவைக்க வேண்டிய ஸ்கிரிப்டும் அதற்குள் புதைந்துவிடும். அந்த ஒரு ஸ்கிரிப்டைச் சேர்க்காமல் விட்டுவிடும்படி கேச் அமைப்பில் விலக்குக் கொடுக்க வேண்டும். இத்தகைய துணுக்குகளை (டேக்) ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கூகுள் டேக் மேனேஜர் வைத்திருந்தால், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு டேகின் ஒப்புதல் அமைப்பையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பக்கத்தில் யூடியூப் காணொளி பதித்திருந்தால், அதைப் பதிக்கப் பயன்படுத்தும் முகவரியை அந்தரங்கப் பாதுகாப்பு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பார்ப்பவர் காணொளியை ஓடவிடும் வரை ஒரு படத்தை மட்டும் காட்டி நிறுத்துவது அதைவிட மேல்.

குக்கீ எதுவும் இல்லாமலே கோரிக்கை போவதையும் சில தளங்களில் காண்பீர்கள். வருகையாளரின் ஒப்புதலுக்கேற்பக் கூகுள் டேக்குகளை இயக்கும் ‘கன்சென்ட் மோட்’ அமைப்பு மேம்பட்ட முறையில் வைக்கப்பட்டிருந்தால், மறுத்தவரின் பிரவுசரிலிருந்தும் குக்கீயற்ற சமிக்ஞைகள் போகும். அந்தக் கோரிக்கையில் ‘ஜிசிஎஸ்’ என்ற அளவுருவைப் பாருங்கள்: ஜி100 என்றிருந்தால் விளம்பரம், அனலிடிக்ஸ் இரண்டும் மறுக்கப்பட்டுள்ளன; ஜி101 என்றால் அனலிடிக்ஸ் மட்டும் ஏற்கப்பட்டுள்ளது; ஜி111 என்றால் இரண்டுமே. அடிப்படை முறையில் ஒப்புதல் வரும் வரை டேக் ஏற்றப்படுவதே இல்லை. பெரிய விளம்பரச் செலவு இல்லாத வாடிக்கையாளர்களுக்கு நான் அடிப்படை முறையையே பரிந்துரைப்பேன். ‘வேண்டாம்’ என்றவரிடமிருந்து ஏன் தகவல் போகிறது என்று எவரேனும் கேட்டால் விளக்கிக்கொண்டிருக்கும் வேலை மிச்சம்.

கேள்வி: பெரிய நிறுவனத் தளம் ஒன்றின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். நீங்கள் வைக்காத குக்கீகளை வைப்பதாகவும், வைப்பவற்றைச் சொல்லாமலும் அந்தப் பக்கம் இருக்கும். மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன சோதனையைச் செய்து, கண்ணில் பட்ட குக்கீகளின் பெயர், பயன், ஆயுள், வைப்பவர் ஆகியவற்றை எழுதினால் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கான மாதிரி வினாத்தாள் தளம் நடத்துகிறோம். வருபவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஐரோப்பாவோடு தொடர்பே இல்லாத எங்களுக்கும் இந்தப் பட்டை தேவையா? பெற்றோரைச் சென்றடைய, பேஸ்புக் விளம்பரத்துக்காக வருகையைப் பதிவுசெய்யும் மெட்டா பிக்சலும் வைத்திருக்கிறோம்.
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் கவலை தருகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுகளைக் கையாள்பவர்களுக்கான முக்கியக் கடமைகள் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்படி கட்டம் கட்டமாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சட்டத்தில் குக்கீ என்ற சொல்லே வராது. ஆனால் ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தரவும் தனிநபர் தரவுதான் என்னும் அதன் வரையறை விரிவானது. லாகின் செய்த மாணவரின் கணக்கோடு இணைந்த குக்கீ எண் அதற்குள் வந்துவிடும் என்று கொள்வதே பாதுகாப்பு. ஒப்புதல் தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்றும், தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கிறது. ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். பட்டையைத் தமிழில் வைப்பதற்கு இனி மொழிப்பற்று மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது பிக்சலுக்கு வருவோம். இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதும், அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு என்றாலும், அவை கல்விச் செயற்பாட்டுக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் உட்பட்டவை; விளம்பரத்துக்கு நீள்பவையல்ல. பெற்றோருக்காக வைத்த பிக்சல், பக்கத்தைத் திறப்பது பெற்றோரா பிள்ளையா என்று பார்த்துத் தகவல் அனுப்புவதில்லை. மாணவர் பயன்படுத்தும் பக்கங்களிலிருந்து அதை இன்றே நீக்கிவிடுங்கள். சட்டத்தின் கெடு வரட்டும் என்று காத்திருக்க இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. வினாத்தாள் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள உங்கள் சர்வரின் பதிவேடே போதும்.

கேள்வி: சமையல் தளம் வைத்திருக்கிறேன், கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் வருகிறது. லண்டன், பாரிஸ் வாசகர்கள் நிறைய. ஒப்புதல் பட்டை வைத்ததும் அனலிடிக்ஸில் வருகை மளமளவென்று சரிந்துவிட்டது. பட்டையை எடுத்துவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சரிந்தது வருகையா, வருகையின் கணக்கா என்று முதலில் பாருங்கள். கூகுள் தேடலிலிருந்து வருபவர்களைக் காட்டும் சர்ச் கன்சோலில் அதே நாட்களுக்கான சொடுக்குகளை எடுத்துப் பாருங்கள். அது தேடல் பக்கத்திலேயே எண்ணப்படுவதால் உங்கள் தளத்துப் பட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே கோடு பழையபடியே சென்றால், ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மறுத்தவர்கள் உங்கள் எண்ணிக்கையில் சேரவில்லை, அவ்வளவே.

பட்டை வைப்பதற்கு முன்பிருந்த எண்ணும் முழு உண்மை இல்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அப்போதும் கணக்கில் வரவில்லை. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர், ஸ்கிரிப்ட் வழியே வைக்கப்படும் குக்கீகளை 2019 முதல் ஏழு நாட்களில் அழித்துவிடுகிறது. பொங்கலுக்கு வந்து பத்து நாள் கழித்து மீண்டும் வந்த ஐபோன் வாசகி இரண்டு பேராக எண்ணப்பட்டிருப்பார். ஆகவே ‘மொத்தம் எத்தனை பேர்’ என்பதை விட்டுவிட்டு, எந்தச் சமையல் குறிப்பு மற்றதைவிட அதிகம் படிக்கப்படுகிறது, போன மாதத்தைவிட இந்த மாதம் கூடியிருக்கிறதா என்ற ஒப்பீடுகளுக்கு மட்டும் அனலிடிக்ஸைப் பயன்படுத்துங்கள். விடுபட்டவர்களைக் கூகுள் மதிப்பிட்டு நிரப்பித் தரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு, மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன கன்சென்ட் மோட் மேம்பட்ட முறையில் இருக்க வேண்டும். அத்துடன் மறுத்தவர்களிடமிருந்து நாளொன்றுக்குக் குறைந்தது 1,000 நிகழ்வுகளும் ஏற்றவர்களில் நாளொன்றுக்கு 1,000 பயனர்களும் குறைந்தது ஏழு நாட்களுக்குப் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. நடுத்தரத் தளங்கள் பலவற்றுக்கு இது எட்டாது.

பட்டையை எடுப்பது உங்கள் வருமானத்திலேயே கை வைக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் விளம்பரம் காட்டும் ஆட்சென்ஸ் தளங்கள், கூகுள் சான்றளித்த ஒப்புதல் மேலாண்மைக் கருவியையே பயன்படுத்த வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் விதி. இல்லையென்றால் அங்கே தனிப்பயன் விளம்பரங்கள் வராது. ஆட்சென்ஸ் கணக்கிலேயே ‘தனியுரிமையும் செய்தியிடலும்’ என்ற பகுதியில் சான்றளிக்கப்பட்ட பட்டை இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்தால் முன்பு வைத்த பிளக்இன் பட்டையை நீக்கிவிடுங்கள். இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் வாசகர் இரண்டையும் மூடிவிட்டு வேறு தளத்துக்குப் போய்விடுவார்.

கேள்வி: ஜெர்மனியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் தளத்தைப் பராமரிக்கிறேன். எங்களுக்குத் தேவை, எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது மட்டுமே. பட்டையே இல்லாமல் இதைச் செய்ய வழி உண்டா?
– வாசகர், ஜெர்மனி

பதில்: உண்டு. இந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்புபவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் தேவைப்படுவதும் இதுதான்.

மிக எளிய வழி சர்வரின் லாக் கோப்பு. ஒவ்வொரு கோரிக்கையையும் அது தானாகவே குறித்துவைக்கிறது. கோஅக்ஸஸ், ஏடபிள்யூஸ்டேட்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அதைப் படித்து அட்டவணையாக்கித் தரும். வருகையாளரின் சாதனத்தில் எதையும் வைப்பதில்லை, ஸ்கிரிப்ட் எதுவும் ஓடுவதில்லை. தேடுபொறிகளின் தானியங்கிகளும் எண்ணப்படும் என்பதால் எண்ணிக்கை ஊதிப்போய்த் தெரியும். அவற்றைக் கழிக்கும் அமைப்பை இயக்கிக்கொள்ள வேண்டும். இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியும் ஐரோப்பாவில் தனிநபர் தரவே என்பதால், லாக்கில் அதன் கடைசிப் பகுதியை மறைத்துவிட்டு, பழைய கோப்புகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் அழித்துவிடுங்கள்.

இதைவிட நயமான அறிக்கை வேண்டுமென்றால் மாட்டோமோவை உங்கள் சொந்த சர்வரில் நிறுவலாம். 2007-இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. குக்கீயை முடக்கும் வசதியும் ஐ.பி. முகவரியைச் சுருக்கும் வசதியும் அதில் உண்டு, இரண்டையும் இயக்கிவிடுங்கள். பிரான்சின் சிஎன்ஐஎல், தளத்தாரின் சொந்தக் கணக்கெடுப்புக்கு மட்டும் பயன்பட்டு வேறு தரவுகளோடு இணைக்கப்படாத வருகை அளவீட்டுக்குச் சில நிபந்தனைகளோடு ஒப்புதலிலிருந்து விலக்களிக்கிறது. குக்கீயின் ஆயுள் 13 மாதத்துக்கும், திரட்டிய தரவு 25 மாதத்துக்கும் மிகாமல் இருப்பது அங்கே பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஜெர்மனிக்கு அந்த விலக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே சாதனத்தைத் தொடுவதற்கான விதி 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. குக்கீயே வைக்காத அமைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அதனால்தான்.

கணக்கெடுப்பைச் சரிசெய்த பிறகு எழுத்துருவையும் பாருங்கள். கூகுள் பான்ட்ஸ் சர்வரிலிருந்து எழுத்துருவை இழுக்கும் பக்கம், வருகையாளரின் ஐ.பி. முகவரியை அவரைக் கேட்காமலே கூகுளுக்குத் தெரிவிக்கிறது என்பதற்காக, 2022 ஜனவரியில் மியூனிக் மாவட்ட நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. தமிழ்த் தளங்கள் பலவும் எழுத்துருவை அங்கிருந்துதான் இழுக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களின் உரிமம் அவற்றைத் தரவிறக்கிச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கோப்பை உங்கள் தளத்தின் கோப்புறையில் இட்டு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாளில் (சிஎஸ்எஸ்) முகவரியை மாற்றினால் முடிந்தது. வரைபடம் பதித்திருந்தால் அதன் இடத்தில் பள்ளியின் முகவரியை எழுத்திலும், வரைபடத்துக்கான சாதாரண இணைப்பையும் தாருங்கள். இவ்வளவும் செய்த பின் இன்காக்னிட்டோ சாளரத்தில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, உங்கள் தளத்தின் முகவரியைத் தவிர வேறு எந்த முகவரியும் பட்டியலில் இல்லை என்று பார்த்துவிட்டால், பட்டையை எடுத்துவிடலாம். தனியுரிமைப் பக்கத்தில் மட்டும், லாக்கை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.